ஆணிக்குக் குறிவைத்த அல்ஃபோன்ஸ்

ஹாசல்பெக் கிராமத்துச் சுடும் போட்டியில் இந்த வருஷம் லுட்கர்தான் ராஜாவாகப் போகிறான் என்பது ஊர் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். ஆனால் அது ரகசியம். ராஜாவாக ஆசைப்படுகிறவன் கடைசி நிமிஷம் வரைக்கும் "நானா? சும்மா ரெண்டு குண்டு சுட்டுப் பாக்கலாம்னு வந்தேன்" என்றுதான் சொல்ல வேண்டும். அதுதான் ஊர் மரியாதை. அதனால் லுட்கர் வேலிக்குப் புது வெள்ளை அடித்தபோது கேட்டவர்களிடம் மழைக்குத் தாங்கட்டும் என்றான். அவன் மனைவி மெக்டில்ட் டவுனில் கொடுத்துத் தைத்த பச்சைப் பட்டு கவுன், தங்கை மகள் கல்யாணத்துக்காம். தங்கை மகளுக்கு நாலு வயசு.

அந்தக் காலத்தில் கொள்ளைக்காரர்களிடமிருந்து மாட்டையும் பன்றியையும் காப்பாற்ற ஊர் ஆம்பளைகள் சேர்ந்து ஒரு படை கட்டினார்கள். கொள்ளைக்காரர்கள் வராமல் போய் நானூறு வருஷம் இருக்கும். படை மட்டும் கலையவில்லை, துப்பாக்கிச் சங்கமாகிவிட்டது. கொடி இருக்கிறது, பேண்டு இருக்கிறது, பச்சைக் கோட்டு இருக்கிறது, பீப்பாய் பீப்பாயாக பீர் இருக்கிறது, அப்புறம் எதற்குக் கலைவது? வருஷா வருஷம் ஜூலையில் உயரமான கம்பத்து உச்சியில் மரத்தில் செதுக்கிய கழுகு ஒன்றை மாட்டி, ஆளுக்கொரு குண்டாக மாற்றி மாற்றிச் சுடுவார்கள். எவன் குண்டில் அதன் உடம்பு கீழே விழுகிறதோ அவன்தான் அடுத்த ஜூலை வரைக்கும் ராஜா.

லுட்கருக்கு அந்த ஆசை அரை டவுசர் காலத்திலிருந்தே. டிராக்டர் ரிப்பேர் பார்க்கிற கை நடுங்காது, ஆனால் கழுகைக் கண்டால் நடுங்கும். ஏழெட்டு தடவை அவன் சுட்டுச் சுட்டுச் சல்லடையாக்கி வைத்த கழுகை அடுத்த ஆள் ஒரே குண்டில் தட்டிக்கொண்டு போயிருக்கிறான். இந்த வருஷம் ஊரே பாவம் பார்த்து ஒதுங்கிக்கொண்டது.

முழுசாக ஒதுங்கவும் முடியாது, அதுதான் சிக்கல். துப்பாக்கி முன்னால் குறைந்தது ரெண்டு பேராவது நிற்க வேண்டும் என்பது சங்கத்துச் சட்டம். தனியாக நின்று சுட்டால் அது போட்டி இல்லை, கடையில் வாங்கின கிரீடம். ஆகவே ஒப்புக்குச் சுட ஓர் ஆள் வேண்டும். லுட்கர் யோசித்து யோசித்து அல்ஃபோன்ஸைப் பிடித்தான். பால் வண்டி ஓட்டுகிற அல்ஃபோன்ஸுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அக்கா வால்புர்காவோடு இருக்கிறான். நாலு பேர் சேர்ந்து நின்றால் வேர்த்துவிடும் அவனுக்கு. ராஜா ஆவதைவிட மாட்டுத் தொட்டியில் குதிப்பது மேல் என்று வெளிப்படையாகவே சொல்கிறவன். அவனைவிடப் பத்திரமான ஆள் ஜெர்மனியிலேயே கிடையாது.

திங்கட்கிழமை காலையில் ஆரம்பித்தார்கள். வழக்கம்போல முதலில் கழுகு தலையிலிருந்த மரக் கிரீடம் போனது, அப்புறம் அதன் காலிலிருந்த செங்கோல், அப்புறம் ரெண்டு இறக்கை. அதுவரை சுட்டவர்களெல்லாம் திடீரென்று தோள் வலி, கண் கூச்சம் என்று சொல்லிப் பீர் கொட்டகைப் பக்கம் நகர்ந்தார்கள். மிச்சம் லுட்கரும் அல்ஃபோன்ஸும்.

தச்சன் இந்த வருஷம் என்ன மரத்தில் செதுக்கினானோ தெரியவில்லை, உடம்பு அசையவே இல்லை. லுட்கர் சுடுவான், ஒரு சிராய் பறக்கும். அல்ஃபோன்ஸ் வானத்தைப் பார்த்துச் சுடுவான், ஒன்றும் பறக்காது. மறுபடி லுட்கர். பேண்டுக்காரர்கள் ஊதத் தயாராக வாயில் வைத்த குழலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்கள். வெயில் ஏறியது. தொத்திறைச்சி கருகியது. சங்கத்துக் கேப்டன் ஃபெர்டி, வாளைத் தரையில் ஊன்றியபடி நின்றே தூங்கினார்.

கடைசியில் கழுகு என்று சொல்ல ஒரு கட்டைதான் மிச்சம், ஒற்றை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. லுட்கருடைய அடுத்த குண்டில் அது விழுந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. மெக்டில்ட் ஏற்கெனவே தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். நடுவில் அல்ஃபோன்ஸுடைய ஒரே ஒரு குண்டு.

அல்ஃபோன்ஸுக்குப் பயம் வந்துவிட்டது. கேப்டன் அப்போதுதான் விழித்து, வானத்தைச் சுடுவது படைக்கே அவமானம், கழுகுப் பக்கமாவது திருப்பு என்று திட்டியிருந்தார். கட்டையில் பட்டால் விழுந்துவிடும். கட்டைக்குப் பக்கத்தில் சுட்டால் காற்றில் தள்ளிக்கொண்டுபோய்க் கட்டையிலேயே படலாம். அசையாத இடம் எது என்று பார்த்தான். இரும்பு. இரும்பில் பட்டால் என்ன ஆகிவிடப் போகிறது? நிதானமாக, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஆணிக்குக் குறி வைத்தான்.

டங் என்றது. ஆணி ஒரு பக்கம் தெறித்தது. கட்டை சாவகாசமாக ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே விழுந்தது.

ஊதத் தயாராக இருந்த பேண்டு யாரென்று பார்க்காமலேயே ஊதிவிட்டது.

அல்ஃபோன்ஸ் துப்பாக்கியை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான், போலீஸ் பிடித்தவன் மாதிரி. லுட்கர் வாய் திறந்தபடியே இருந்தது.

"நான் ஆணியத்தான்டா சுட்டேன்" என்றான் அல்ஃபோன்ஸ். "சத்தியமா ஆணியத்தான். கழுக தொடவே இல்ல."

அது செல்லுமா செல்லாதா என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கட்டையைச் சுட்டாயா ஆணியைச் சுட்டாயா என்று சட்டத்தில் இல்லை, யார் குண்டில் விழுந்தது என்றுதான் இருக்கிறது. மாட்டேன் என்று சொல்லவும் வழியில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் ராஜாவாகிவிட்டுப் பயத்தில் காட்டுக்குள் ஓடிப்போனான். அந்தக் குடும்பத்துக்கு இன்றைக்கும் பெயர் ஓட்டக்காரன் வீடு. அதில் ஒருவர் இப்போது டவுனில் பெரிய டாக்டர், ஊருக்கு வந்தால் ஓட்டக்கார டாக்டர்.

வால்புர்கா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து தம்பியின் கையைக் கீழே இறக்கினாள். "ஓடுனேன்னு வச்சுக்கோ, வீட்டுப் பக்கம் வராத. பட்டப்பேரோட கடைக்குப் போக என்னால ஆகாது."

ராஜா ஆயிற்று, ராணி வேண்டும். வழக்கப்படி ராஜா யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம், அடுத்தவர் மனைவியையும்கூட. அதில் தப்பர்த்தம் எதுவும் கிடையாது. அல்ஃபோன்ஸ் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். அவனுக்குப் பெயர் தெரிந்த பெண்களே பால் வாங்குகிறவர்கள்தான். கண் கடைசியில் மெக்டில்ட்மேல் நின்றது. கேட்க வாய் வரவில்லை.

"கேளு" என்றாள் மெக்டில்ட். "கவுனு வீட்ல சும்மாத்தான் தொங்குது."

லுட்கர் திரும்பி அவளைப் பார்த்தான். "உன் தங்கச்சி மக கல்யாணத்துக்குன்னு சொன்ன?"

"அதுக்கு இன்னும் இருபது வருஷம் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் உடுத்திக்கொள்ளப் போய்விட்டாள்.

சாயங்கால ஊர்வலத்தில் பச்சைப் பட்டும் ராணிக் கிரீடமுமாக மெக்டில்ட் நடந்த நடைக்கு நிஜ ராணியே தோற்றுப்போவாள். பக்கத்தில் ராஜாவுக்கான கனத்த வெள்ளிச் சங்கிலியைக் கழுத்தில் சுமந்தபடி அல்ஃபோன்ஸ், ஊசி போடக் கூட்டிப் போகிற கன்றுக்குட்டி மாதிரி. பின்னால் பரிவாரத்தில் லுட்கர். அவனுக்கு ஜோடி வால்புர்கா. இடது கால் வலது கால் என்று ஊர் முழுக்க அவனை அதட்டிக்கொண்டே வந்தாள். ஜன்னல்களிலிருந்து மக்கள் ராஜாவுக்குக் கை தட்டினார்கள், லுட்கரைப் பார்த்ததும் கையைக் கீழே போட்டுவிட்டு அனுதாபமாகத் தலையாட்டினார்கள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

கூடாரத்தில் ராஜா ராணி நடனம். ஆடவே தெரியாத அல்ஃபோன்ஸை மெக்டில்ட் தள்ளுவண்டி மாதிரி தள்ளிக்கொண்டு ஒரு சுற்று வந்தாள். இரண்டாவது சுற்றில் அவன் சிரித்தான். மூன்றாவது சுற்றில் எல்லோருக்கும் தன் கணக்கில் பீர் என்று அவனே கத்தினான். இத்தனை வருஷம் அப்படிக் கத்த ஏங்கினது லுட்கர்.

கேப்டன் ஃபெர்டி லுட்கர் தோளில் கை போட்டுத் தேற்றினார். ராஜாவாக இருந்தவன் அஞ்சு வருஷம் சுடக்கூடாது, அதனால் அல்ஃபோன்ஸ் தொல்லை இனி இல்லை, அடுத்த வருஷமும் ஊரே ஒதுங்கிக்கொள்ளும் என்றார்.

"சரி" என்றான் லுட்கர். "ஒப்புக்கு என்கூட யாரு சுடுவா?"

மேஜையில் இருந்த பத்துப் பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் தங்கள் கண்ணாடி டம்ளருக்குள் பார்த்தார்கள். ஒருத்தனுக்குத் தோள் வலி இப்போதே ஆரம்பித்துவிட்டது. ஆணியைச் சுட்டவனுக்கே இந்த கதி என்றால் எதைச் சுட்டுத் தப்பிப்பது?

ஆடி முடித்து மூச்சு வாங்க வந்த மெக்டில்ட் லுட்கரின் டம்ளரை எடுத்து ஒரே மடக்கில் காலி செய்தாள்.

"நான் நிக்கிறேன்."

ஃபெர்டி திருதிருவென்று விழித்தார். அப்புறம் மெதுவாகத் தலையாட்டினார். பெண்களும் சுடலாம் என்று போன தடவை சங்கக் கூட்டத்தில் கை தூக்கியது அவரேதான், யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியத்தில்.

லுட்கர் முகம் மலர்ந்தது. "அப்ப நீ சும்மா மேல பாத்து..."

"இல்ல" என்றாள் ராணி, கிரீடத்தை நிமிர்த்திக்கொண்டே. "எனக்குத் தப்பாச் சுடத் தெரியாது."