படி சொல்கிற ஆள்

"எனக்கும் ஒரு பட்டை குடுங்க" என்று அவள் கையை நீட்டினாள்.

கொக்கி சித்தப்பா கொடுக்கவில்லை. தோளில் மாட்டித் தூக்குகிற அகலப் பட்டைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பெட்டிக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றார். பெட்டிக்குள் அப்பா இருந்தார். தேய்த்த சட்டை, தம்பி வாரிவிட்ட தலை, யாரையோ கிண்டல் பண்ணப்போகிற மாதிரி கொஞ்சம் கோணிய உதடு.

"உனக்கு வயித்துல தையல் இன்னும் காயலம்மா."

"காஞ்சிடுச்சு சித்தப்பா. வேணும்னா காட்டவா?"

"வெளிய காஞ்சிருக்கும். உள்ள?"

"உள்ள யாரு பாத்தா?"

"பாக்குறதுக்குத்தான கடல் தாண்டிப் போன? அங்க போய் தச்சுக்கிட்டு வந்து இங்க படிக்கட்டுல பிரிச்சுக்கப் போறியா?"

தம்பி சாவி போடுகிறவன். அவனே ஒரு சாவியைப் போலத்தான் இருப்பான். செருப்பின் பின்வாரை அப்பாவின் குதிகாலில் இறுக்கி மாட்டிவிட்டு நிமிர்ந்தான். "ஒரு கெட்டில் தண்ணிக்கு மேல தூக்கக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லி அனுப்பியிருக்காங்க. அப்பா என்ன கெட்டிலாக்கா?"

"வாக்கு குடுத்திருக்கேன்டா."

கொக்கி சித்தப்பாவோடு வந்திருந்த மூன்று லோடுமேன்களும் தங்கள் கையுறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவருக்கு, ஓயாமல் பேசுவதால், ரேடியோ என்று பெயர்.

வீடு மூன்றாவது மாடியில். லிப்ட் கிடையாது. அப்பா வீடு மாற்றுகிற செட்டில் லோடுமேனாக இருந்தவர். கட்டில், பீரோ, பியானோ, மீன் தொட்டி என்று ஊரில் உள்ளவர்களின் கனத்தையெல்லாம் ஏற்றி இறக்கியவர். முதுகு தேய்ந்த பிறகு செட்டில் படி சொல்கிற ஆளானார். தூக்குகிறவனுக்கு முன்னால் சாமான்தான் தெரியும், கால் தெரியாது. படி சொல்கிற ஆள் கீழே நின்று, எந்தக் கால், எந்தப் பக்கம், எங்கே திருப்பு என்று சொல்ல வேண்டும். அப்படி ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தபோது மேலிருந்து வழுக்கி வந்த குளிர்சாதனப் பெட்டி அவருடைய இடுப்பை நசுக்கியது. அதோடு நடை போயிற்று. வாய் போகவில்லை.

அதன் பிறகு வாரத்துக்கு ஒருமுறை அவரை முதுகில் சுமந்து தெருமுனை டீக்கடைக்குக் கொண்டுபோனவள் அவள்தான். சலவைக்கூடத்தில் ஈரப் படுக்கை விரிப்புகளை அள்ளிப்போடுகிற கை. அப்பா அவளுக்குப் பஞ்சுமூட்டை. ஆனால் பருத்த உடம்பு. அவளுடைய வயிறு அவளுக்கு முன்னால் போகும். படி இறங்கும்போது கால் தெரியாது. அவளுக்குக் கால் தெரியாது, அவருக்குக் கால் நடக்காது. ஆக, அவள் தோளுக்கு மேல் தலையை நீட்டி அவர் படி சொல்வார்.

"இடது. எறங்கு. வலது. எறங்கு. ஏ லாரி, பிரேக்கைப் போடு, திருப்பம் வருது."

லாரி என்பதுதான் அவர் அவளுக்கு வைத்த பெயர். வேறு எவனாவது சொல்லியிருந்தால் பல் போயிருக்கும்.

முதல் மாடித் திருப்பத்துக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும், "நில்லு, என் செருப்பு கழண்டுடுச்சு" என்பார். முதல் தடவை அவளுக்குக் கோபம் வந்தது. "நான்தானே இறுக்கிப் போட்டேன்? வார் வெச்ச செருப்பு எப்படிக் கழலும்?" என்று கத்தினாள். "கழண்டுடுச்சும்மா" என்றார் அவர். சுவரில் தோளைச் சாய்த்து நின்றாள். நின்ற பிறகுதான் தனக்கு எப்படி இரைக்கிறது என்பதே காதில் விழுந்தது. அவர் செருப்பை நோண்டுகிற சாக்கில் ஏதாவது கதை சொன்னார். இரைப்பு அடங்கியதும், "ம், போட்டுட்டேன், ஓட்டு" என்றார். அதற்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

போன வருஷம் ஒருநாள் முட்டி மடங்கிவிட்டது. இரண்டு பேரும் நாலு படி சறுக்கி உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த இடத்திலேயே சிரித்தார்கள். மாடிக்கு வந்த பிறகு அவள் அழுதாள். எடை குறையாவிட்டால் முட்டி தாங்காது என்று டாக்டர் சொன்னார். இங்கே வயிற்றைச் சின்னதாக்குகிற ஆபரேஷனுக்கு வரிசையில் நின்று முறை வருவதற்குள் முட்டி போய்விடும். சலவைக்கூடத்தில் ஒருத்தி வெளிநாட்டில் செய்துகொண்டு வந்திருந்தாள். அவளிடம் விசாரித்துக்கொண்டு இவளும் கிளம்பினாள்.

போவதற்கு முன்னால் கொஞ்ச நாள் வெறும் நீராகாரம்தான். கல்லீரல் சுருங்கினால்தான் கத்தி போக வழி கிடைக்குமாம். மாவைக் கரைத்துக் குடிக்க வேண்டும். "நீ பட்டினி கெடக்கும்போது நான் திங்கிறதா?" என்று அப்பாவும் ஒரு தம்ளர் கேட்டு வாங்கினார். ஒரு வாய் குடித்துவிட்டு, "சுண்ணாம்பு அடிச்சுட்டு பிரஷ்ஷக் கழுவுன தண்ணியா இது?" என்றார். ஆனாலும் தினமும் குடித்தார். தினமும் அவர் சட்டையில் பிஸ்கட் தூள் இருந்தது.

"என்னப்பா இது?"

"எறும்பு சிந்திட்டுப் போயிருக்கும்."

கிளம்புகிற அன்று அவர் சிரிக்காமல் ஒன்று சொன்னார். "கடைசியா ஒருநாள் என்னை எறக்குவீங்கல்ல, அன்னைக்கும் நீதான் எறக்கணும். இவனுங்க கையில குடுத்தா செவுத்துல இடிப்பானுங்க."

"சரி. அன்னைக்குப் படி யாரு சொல்றது?"

"மொதல்ல போய்ட்டு வா. உன் காலு உனக்கே தெரியும்."

விமானத்தில் இடுப்புப் பட்டை எட்டவில்லை. பணிப்பெண் நீளம் கூட்டுகிற ஒட்டுப்பட்டை கொண்டுவந்து மாட்டினாள். அங்கே பாஷை புரியவில்லை. கண் விழித்தபோது வயிற்றில் ஐந்து ஓட்டை, உள்ளே ஒரு வாழைப்பழ அளவுக்கு இரைப்பை. வயிற்றுக்குள் அடைத்த காற்று தோளில் ஏறிக்கொண்டு குத்தியது. நடந்தால்தான் இறங்கும் என்று நர்ஸ் இரண்டு விரலால் நடந்து காட்டினாள். கால் நகரவில்லை. வீட்டுக்குப் போன் போட்டாள்.

"நடக்க முடியலப்பா."

"போனைக் காதுல வை" என்றார் அப்பா. "இடது. எடுத்து வை. வலது. வெச்சியா? என்ன சத்தம் அது, சக்கரமா?"

"மருந்துத் தண்ணி தொங்குற கம்பி."

"அதையும் ஓட்டிட்டு வா. இடது."

அந்த நீளமான வராந்தா முழுதும் அவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவளை நடக்கவைத்தார். திருப்பம் எங்கே என்று கேட்டுக் கேட்டுத் திருப்பினார். நர்ஸ் பின்னால் கைதட்டிக்கொண்டே வந்தாள்.

ஊர் திரும்பிய பிறகு மருந்து மூடியில் ஊற்றி உறிஞ்சுகிற வாழ்க்கை. ஒரு கிண்ணம் கஞ்சி அரைநாள் ஓடியது. தலைமுடி சீப்போடு வந்தது. பாவாடை நாடா ஒரு சுற்று அதிகம் சுற்றியது. தம்பியும் கொக்கி சித்தப்பாவும் நாற்காலியோடு தூக்கி அப்பாவை டீக்கடைக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "என் லாரி ஒர்க்‌ஷாப்புல இருக்கு. வரட்டும், போய்க்கலாம்" என்று ஜன்னல் வழியாக டீக்கடைக்காரனைத் திட்டிக்கொண்டே காத்திருந்தார்.

நேற்றுக் காலை நாற்காலியில் உட்கார்ந்து, பீரோவுக்குள்ளிருந்து தும்மல் கேட்ட கதையைத் தொடங்கினார். "கதவைத் தொறந்தா உள்ள..." என்றார். அவள் மூடியை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கத் தயாராக இருந்தாள்.

"சித்தப்பா, உள்ள யாரு இருந்தா?" என்று நேற்று மாலையே கேட்டுப் பார்த்தாள்.

"யாருக்குத் தெரியும்? அவன் எந்தக் கதையத்தான் முடிச்சிருக்கான்?" என்று மூக்கைச் சிந்தினார் அவர்.

இப்போது பட்டைகள் நான்கும் ஆண்களின் தோளில் ஏறின. மூடியைப் போட்டார்கள். "நீ முன்னால எறங்கிப் போம்மா, ஓரமா" என்றார் கொக்கி சித்தப்பா. அவள் இறங்கினாள். தம்பி பெட்டிக்குப் பின்னால் வந்தான்.

வாசலை நன்றாகவே தாண்டினார்கள். முதல் திருப்பத்தில் பெட்டி சிக்கிக்கொண்டது.

"தலைய தூக்கு!"

"தூக்கிட்டுத்தான்யா இருக்கேன், நீ காலை எறக்கு!"

"எந்தக் காலு, அவன் காலா என் காலா?"

"வலது பக்கம் தள்ளுங்கப்பா, நான் அப்பவே சொன்னேன்..." இது ரேடியோ.

"உன் வலதா என் வலதா?"

பெட்டியின் முனை சுவரில் இடித்துக் காரை உதிர்ந்தது. ஒரு காலத்தில் அப்பாவின் ஒரே குரலுக்குத் திரும்பிப் பழகிய நாலு கிழவர்களும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். எவனுக்கும் தன் கால் தெரியவில்லை.

"நில்லுங்கடா மாடுங்களா!"

நாலு பேரும் கல்லாக நின்றார்கள். கத்தியது யார் என்று அவளுக்கே ஒரு கணம் தெரியவில்லை. வயதில் பெரியவர்கள். நாக்கைக் கடித்துக்கொள்ள நேரமில்லை.

"சித்தப்பா, நீங்க அப்படியே இருங்க. ரேடியோ மாமா, வாயை மூடிட்டு ஒரு படி மேல ஏறுங்க. ம். பின்னாடி தூக்கு. இன்னும். இப்பத் திருப்பு."

பெட்டி சுவரை ஒட்டி வழுக்கிக்கொண்டு திரும்பியது.

"இடது. எறங்கு. வலது. எறங்கு. கைப்பிடி ஆடும், தொடாதீங்க. இடது."

அவர்களைப் பார்த்தபடி பின்வாக்கில் இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு படியில் சந்தேகம் வந்து குனிந்தாள். வயிற்றுக்கு அப்பால் இரண்டு கட்டைவிரல்கள் தெரிந்தன. நகம் வெட்டி ரொம்ப நாளாகியிருந்தது.

"அடுத்து?" என்றார் கொக்கி சித்தப்பா மேலிருந்து.

"வலது" என்றாள்.

இரண்டாம் மாடி போனது. முதல் மாடித் திருப்பத்தை நெருங்கும்போது அவள் கொக்கி சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கழுத்து நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்திருந்தது. முட்டி ஒவ்வொரு படிக்கும் தனியாக ஒருமுறை யோசித்தது. முடியவில்லை என்று அவர் சொல்ல மாட்டார். அந்தச் செட்டில் யாரும் சொன்னதில்லை.

"நில்லுங்க" என்றாள். "பெட்டியக் கீழ வைங்க."

"எதுக்கும்மா? இன்னும் ஒரு மாடிதான" என்றார் ரேடியோ.

"அப்பாவுக்குச் செருப்பு கழண்டுடுச்சு."

ரேடியோ மூடியிருந்த பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அதற்குள் கொக்கி சித்தப்பா பட்டையைத் தோளிலிருந்து நழுவவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணை மூடி, வாய் திறந்து மூச்சு வாங்கினார்.

"நான்தானேக்கா இறுக்கிப் போட்டேன்?" என்றான் தம்பி மேலே நின்றபடி.

"கழண்டுடும்டா."

கீழே டீக்கடையில் தம்ளர் கழுவுகிற சத்தம் கேட்டது. அவள் வழக்கமான இடத்தில் சுவரில் சாய்ந்தாள். வருஷக் கணக்கில் அவளுடைய தோள் உராய்ந்து சுண்ணாம்பு போய் வழவழவென்று ஆகிவிட்ட இடம். சாய்ந்த பிறகும் இரண்டு பக்கமும் அந்த வழவழப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது.