இடப்பக்கம் மட்டும் தேயும் டயர்

புவனேஸ்வரனுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. முன்சக்கரங்களில் போட்ட புது டயர்கள் மூன்றே மாதத்தில் மொட்டை. முழு மொட்டையாக இருந்தாலாவது மனசு ஆறும். இரண்டிலும் இடப்பக்கம் மட்டும் வழுக்கை. வலப்பக்கம் நேற்றுக் கடையிலிருந்து வந்த மாதிரி பல் பல்லாக நிற்கிறது. இது என்ன கண்றாவி?

தண்ணீர்மலை அடிவாரத்தில் இருக்கிறது கண்ணம்மை ஆச்சியின் பழத்தோட்டம். உரமூட்டைகளோடு சரிவில் ஏறி இறங்கும் திறந்த வண்டியைத் தோட்டத்தில் பகி என்பார்கள். அதை ஓட்டுவது புவன் ஒருவன்தான். எனவே பழியும் அவன் ஒருவனுக்குத்தான்.

"நீ இதைத் தார் ரோட்டுல ரேஸ் விடுறியாமே?" ஆச்சி காலையிலேயே கேட்டுவிட்டார். "மெக்கானிக் வந்து பாக்கட்டும். வண்டியில கோளாறு இல்லேன்னா சாவியக் குடுத்துட்டு நீ கெளம்பலாம்."

ஆறு வருஷம் ஒழுங்காக வேலை செய்தவன். அந்தக் கேள்வி அவனுக்குச் சுருக்கென்று தைத்தது.

அக்கரையிலுள்ள செபராங் ஜெயாவிலிருந்து கடல் பாலம் தாண்டி வந்த மெக்கானிக் வாசு காற்றைப் பார்த்தார்: சரி. ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தை ஆட்டினார்: ஆட்டம் இல்லை. நூல் கட்டி அளந்தார்: அதுவும் நேர். மற்றவர்கள் காசு கொடுத்துக் கேட்க ஆசைப்படும் "சரியா இருக்கு" என்ற வார்த்தை, அவர் சொல்லச் சொல்ல இவன் வேலைக்கு உலை வைத்தது.

"அலாமாக்!" என்று வாயைப் பிளந்தார். "அலைன்மெண்ட் போனா ரெண்டும் உள்பக்கம் தேயணும், இல்ல ரெண்டும் வெளிப்பக்கம் தேயணும். இங்க ஒண்ணு வெளியில, ஒண்ணு உள்ள. எந்நேரமும் வலது பக்கமே திரும்புற வண்டி மாதிரில்ல இருக்கு! நீ எங்கதான் ஓட்டுற?"

"மேல ஏறுவேன், கீழ எறங்குவேன். வேற எங்கண்ணே?" என்றான் புவன். சத்தியமாக அப்படித்தான் நம்பினான்.

வாசு இரண்டு டயர்களிலும் குறுக்கே பட்டையாகச் சாக்பீஸால் கோடு போட்டார். "சும்மா வழக்கம்போல ஓட்டு. எங்க அழியுதுன்னு பாப்போம்லா." மலைக்குப் போய் வந்தபோது கோடு முழுக்க அழிந்திருந்தது. பக்கமெல்லாம் ஒரே சமம். அவர் தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி போட்டார்.

அப்போது ஆச்சி பூத்தட்டோடு வந்தார். "இருங்க, நான் சுத்திட்டு வந்துடுறேன்" என்று பகியில் ஏறி உட்கார்ந்தார். முழங்கால் வலிக்காகத் தோட்டத்துப் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டது. தினமும் இருபத்தேழு சுற்று. நடக்க முடியாததால் வண்டியிலேயே வலம். சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் புவன் அந்தச் சின்னக் கோயிலைச் சுற்றத் தொடங்கினான். வருஷப் பிறப்பிலிருந்து நடக்கிறது. இதை அவன் வண்டி ஓட்டுவதாகவே எண்ணியதில்லை. இது சாமி காரியம்.

ஒன்பதாவது சுற்று முடிந்ததும் வாசு கையைக் குறுக்கே நீட்டினார். "நிறுத்து, நிறுத்து!"

இரண்டு டயரிலும் இடப்பக்கச் சாக்பீஸ் மட்டும் அழிந்திருந்தது. வாசுவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்னய்யா சிரிப்பு? யார் தப்பு?" என்றார் ஆச்சி.

புவன் வாயைத் திறந்தால் போதும், தப்பித்துவிடலாம். ஆனால் உங்கள் நேர்த்திக்கடன்தான் குற்றவாளி என்று எந்த வாயால் சொல்வது? வலி குறைந்து வருகிறது என்று நேற்றுத்தான் ஆச்சி சந்தோஷப்பட்டார். அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"என் தப்புதான் ஆச்சி" என்றான். ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. சாவியை உருவி நீட்டினான்.

ஆச்சி சாவியை வாங்கவில்லை. சாக்பீஸைப் பார்த்தார். வாசு சிரிப்பை விழுங்குவதைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். எண்ணெய்க் கறை என்று வாராவாரம் சோப்புப் போட்டுத் தேய்க்கச் சொன்ன கறுப்பு வளையம், பிள்ளையாரைச் சுற்றி அச்சாகக் கிடந்தது.

"அப்ப தேச்சது நானா?"

ஆச்சியின் முகம் சுருங்கிப்போனது. "உன்னை என்னென்னமோ கேட்டுட்டேன், தம்பி" என்றபடி மெல்ல இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு, தூணைப் பிடித்து, ஒரு காலை ஊன்றி மறு காலை இழுத்து நடக்க ஆரம்பித்தார். கூடப் போவதா, நிற்பதா என்று தெரியாமல் புவன் சாவியும் கையுமாக விழித்தான்.

ஒரு சுற்று முடித்து அவன் முன்னால் வந்து நின்றார். நெற்றியெல்லாம் வேர்வை.

"பத்து ஆச்சு. இன்னும் பதினேழு இருக்கு. அந்தச் சாவியப் பையில போட்டுட்டு என் கையப் புடி."