பல் டாக்டரும் பச்சை மெஷினும்

பல் டாக்டர் வெர்லீன் ஸ்ட்ரவுடுக்குப் பழைய பபிள்கம் மெஷின் என்றால் உயிர். காசு போட்டுத் திருகினால் கண்ணாடிக் குடத்திலிருந்து கலர் உருண்டை ஒன்று விழுமே, அந்த மெஷின்தான். ஒஹாயோவில் எந்தப் பண்ணை வீட்டில் ஏலம் என்றாலும் ஆஜராகிவிடுவாள்.

"பல்லைக் கெடுக்கிற மெஷினும் உங்ககிட்ட, பல்லைப் பிடுங்குற கொறடும் உங்ககிட்ட. நல்ல பொழப்பு அம்மணி!" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார் வக்கீல் ஹாலிஸ் பர்கெட். அவருக்கும் அதே பைத்தியம்தான். வெர்லீனிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது: பழைய மெஷின்களின் சாவிக்கொத்து, ஒரு பூசணிக்காய் கனத்துக்கு.

அந்தச் சனிக்கிழமை ஏலத்தில் ஒரு மெஷின் வந்தது. கழுத்து முதல் அடிவரை அப்பிய பச்சை பெயிண்ட், மூடியில் பூட்டு, சாவி இல்லை. குடத்துக்குள் அழுக்குப் படிந்த உருண்டைகள். ஹாலிஸ் அதைச் சாய்த்து அடிப்பக்கம் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"கூட்டல் குறி போட்ட திருகாணி! இந்த மாடல் வந்த காலத்துல அப்படித் திருகாணியே கெடையாது. ஒத்தக் கோடுதான் இருக்கணும். ஐஸ்கிரீம் கடை அலங்காரத்துக்குச் செஞ்ச டூப்ளிகேட்டு இது."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கையைக் கீழே போட்டுவிட்டார்கள். வக்கீல் சொன்னால் ஊருக்கே தீர்ப்பு மாதிரி.

வெர்லீனும் குனிந்து பார்த்தாள். திருகாணி அவர் சொன்ன மாதிரிதான் இருந்தது. ஆனால் சுற்றிலும் பச்சை மெழுகியிருக்க, திருகாணித் தலைகளில் மட்டும் ஒரு பொட்டுப் பெயிண்ட் இல்லை. பெயிண்ட் அடித்த பிறகு யாரோ மாட்டியது. காசு போடும் வாயைத் தடவினாள். இரும்பு ஒரு பக்கமாகத் தேய்ந்து குழிந்திருந்தது. அலங்காரத்துக்கு நின்ற மெஷினுக்கு அந்தத் தேய்மானம் எப்படி வரும்? எத்தனை பிள்ளைகளின் காசு உரசியிருக்க வேண்டும்! முகத்தில் ஒன்றும் காட்டாமல் கையைத் தூக்கினாள்.

"துணி காயப்போடவா வாங்குறீங்க?" என்றார் ஹாலிஸ்.

"உங்க வாயைப் பூட்டி வைக்க."

ஏலத்தில் எடுத்து வந்த மெஷினின் பூட்டை உடைக்க அவளுக்கு மனம் வரவில்லை. திங்கட்கிழமை வக்கீலுக்கே போன் போட்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் சாவிக்கொத்தோடு கிளினிக்குக்கு வந்து சேர்ந்தார். ஒவ்வொரு சாவியாக நுழைத்துப் பார்த்தார். ஒவ்வொரு சாவிக்கும் ஒரு கேலி. கடைசியில் ஒன்று கிறீச்சென்று திரும்பியது. மூடி திறந்ததும், பழைய அலமாரியைத் திறந்தது போல ஒரு வாசனை.

"இது போன வருஷத்துக் கம்மு அம்மணி. டூப்ளிகேட்டுங்கிறதுக்கு அத்தாட்சி வேணுமா? இதோ, மென்னே காட்டுறேன்."

"வேணாம் ஹாலிஸ், வேணாம், அது வந்து…"

அவர் ஒரு சிவப்பு உருண்டையைக் கோட்டில் துடைத்து வாய்க்குள் போட்டார். படக்கென்று ஒரு சத்தம். அறையின் மறுகோடியில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த நர்ஸ் கார்லாவே திரும்பிப் பார்த்தாள். வக்கீல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளங்கையில் துப்பினார். உருண்டை முழுசாக இருந்தது, பல்தான் பாதி.

"போன வருஷத்துக் கம்மு ரொம்ப கெட்டியோ?" என்றாள் வெர்லீன்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரை நாற்காலியில் சாய்த்தாள். ஊசி போட்டாள். வாய் மரத்தது. பஞ்சும் குழாயும் உள்ளே போயின. நீதிமன்றத்தில் யாரையும் பேசவிடாத மனிதர், வாயைப் பிளந்தபடி கூரையைப் பார்த்துக் கிடந்தார். கார்லா வலுக்கட்டாயமாக வேறு பக்கம் பார்த்தாள்.

பல்லை அடைத்தபடியே வெர்லீன் தன் வழக்கைச் சொன்னாள். திருகாணித் தலையில் பெயிண்ட் இல்லாததை, காசு வாயின் தேய்மானத்தை, எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள்.

"ஆ… ஆஆ!" என்று ஆட்சேபித்தார் ஹாலிஸ்.

"நாக்கை ஆட்டாதீங்க. கார்லா, அந்த மூடியைத் திருப்பிக் காட்டும்மா."

மூடியின் உட்புறம் நான்கு திருகாணிகள், ஒற்றைக் கோடு போட்டவை, துரு ஏறி இரும்போடு ஒட்டிக் கிடந்தன. பச்சை பெயிண்ட் எட்டாத அந்த இடத்தில் பழைய சிவப்பு எனாமல் பளபளத்தது. தயாரித்தவர் பெயர் வார்ப்பிலேயே புடைத்து நின்றது. ஹாலிஸ் கண்ணை உருட்டிப் பார்த்தார்.

குழாயை எடுத்ததும் அவர் எழுந்து உட்கார்ந்தார். உதடு ஒரு பக்கம் தொங்கியது.

"ஒழிழினல்தான்," என்றார்.

"என்னது? காதுல விழல."

"ஒரிஜினல்! ஒரிஜினல்! போதுமா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "அம்மணி, ஒரு சங்கதி. இதே திருகாணியைப் பார்த்து டூப்ளிகேட்டுன்னு நான் கராஜுல தூக்கிப் போட்டது சிலது கெடக்கு. ஒண்ணுமேல கோழிக் கூண்டையே வச்சிருக்கேன்."

வெர்லீன் கையுறையைக் கழற்றி வீசினாள்.

"கார்லா, மத்தியானம் யாராச்சும் இருக்காங்களா?"

"பல்லு கிளீன் பண்ண ஒருத்தர் மட்டுந்தான் டாக்டர்."

"நாளைக்கு வரச் சொல்லும்மா. வக்கீலே, காரை எடுங்க. மொதல்ல அந்தக் கோழிக் கூண்டை எறக்குவோம்."