மூன்று மணிக்கு வந்தவர்

ஆனிச் சாரல் தென்காசிக்குள் இறங்கிவிட்டால் மதியம் மூன்று மணிக்குக் கடைத்தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. குற்றாலம் போகும் வண்டிகள் மட்டும் ஈர ரோட்டில் சர்ரென்று போய்க்கொண்டிருக்கும். இராமலட்சுமி தன் மருந்துக்கடையில் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டு, புதிதாக வந்திருந்த இருமல் மருந்துப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி மேசையில் யாரோ மோதிரத்தால் இரண்டு தட்டுத் தட்டினார்கள்.

"அக்கா, ஒரு அட்ட. அதே வலி மாத்திர."

அவள் தலை நிமிரவில்லை. இரண்டாவது டிராயரை இழுத்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். அப்படிக் கேட்பவர்கள் ஐந்தாறு பேர் உண்டு. எல்லோரும் இளவட்டங்கள். டாக்டர் சீட்டு யாரிடமும் இருக்காது; அவளும் கேட்க மாட்டாள். 'நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்கிக்கொள்வான்' என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தாள். போன மாசி மாதம் போலீஸ் அதிகாரிகளும் மருந்து ஆய்வாளரும் கடைக்காரர்களைக் கூட்டி வைத்துப் பேசியபோது முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவள்தான். 'மருத்துவர் சீட்டின்றி இம்மாத்திரைகள் வழங்கப்படாது' என்று அங்கே கொடுத்த ஸ்டிக்கரைக் கண்ணாடியில் ஒட்டியும் இருந்தாள். அந்த ஸ்டிக்கருக்கு மேலேதான் இப்போது அட்டை கைமாறியது.

கொடுத்த பிறகுதான் குரல் அவளுக்கு உறைத்தது. அது வயதான குரல். நிமிர்ந்து பார்த்தாள்.

அறுபதைத் தாண்டிய மனிதர். நரைத்த தாடி. வாலிபப் பிள்ளைகள் போடுகிற கறுப்பு முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருந்தார். சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. கையில் குடை இருந்தும் தலை நனைந்திருந்தது. நாற்பது வயதுக்காரியை 'அக்கா' என்று கூப்பிட்டவர், "தேங்ஸ்க்கா" என்று சொல்லி, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாளும் அதே நேரத்துக்கு அதே இரண்டு தட்டு. அதற்கு அடுத்த நாளும்.

சில நாள் வாங்கிய உடனே போகமாட்டார். கடை ஓரத் தூணில் சாய்ந்து, அணைந்து கிடக்கிற செல்போனைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் நின்றபடியே கண் சொருகித் தலை தொங்கி, விழப்போகிறவரைப் போல முன்னால் சாய்ந்தார். இராமலட்சுமி பதறி எழுந்தாள். அவர் சட்டென்று நிமிர்ந்து அவளையே பார்த்தார். அந்தக் கண்ணில் மயக்கம் துளிகூட இல்லை. அது தெளிவாக, விழித்தபடி இருந்தது. 

கடையில் வேலை பார்க்கும் பர்சானாவும் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அக்கா, இவரு நிக்கது, நடக்கது எல்லாம் வேற ஆளு மாதிரில்லா இருக்கு. செவப்பு பைக்குல ஒரு பையன் வருவாம்லா, அவன அப்படியே உரிச்சி வச்ச மாதிரி."

"எந்தப் பையன்?"

"ஒரு வருசமா வந்தாம்லா, மோதிரத்தால தட்டுவான். இப்பக் கொஞ்ச மாசமா ஆளக் காணும்."

இராமலட்சுமி யோசித்துப் பார்த்தாள். மேசையைத் தட்டும் மோதிரம் நினைவுக்கு வந்தது. வெயில் கொளுத்தினாலும் மடித்துவிடாத முழுக்கைச் சட்டை வந்தது. குரல்கூட வந்தது. முகம் மட்டும் வரவில்லை. கண்ணை மூடி எத்தனை முறை பார்த்தாலும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு வருடம் தன் முன்னால் வந்து நின்றவன். அவளுக்கு அது தாங்க முடியாத பயமாக இருந்தது. அன்றிலிருந்து கடிகார முள் மூன்றை நெருங்கினாலே அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். கேட்பதற்கு முன்பே அட்டையை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவாள். சீக்கிரம் போனால் போதும்.

பதினேழாவது நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணாச்சி, இன்னைக்கு மாத்திர கெடையாது. டாக்டர் சீட்டு கொண்டாங்க."

அவர் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றி, சட்டைக் கையை முழங்கை வரை மெதுவாகச் சுருட்டினார். கையை மேசைமேல் மல்லாக்க வைத்தார். நரம்பு ஓடும் வழியெல்லாம் நீலநீலமாகப் புள்ளிகள். பர்சானா "யா அல்லா" என்று பின்வாங்கினாள். இராமலட்சுமி என்ன நினைத்தாளோ, விரலால் ஒரு புள்ளியைத் தொட்டாள். அது தேய்ந்து அவள் விரலில் ஒட்டிக்கொண்டது. பால்பாயின்ட் பேனா மை.

"அக்கா, வலி தாங்கலக்கா" என்றார் அவர், பையனின் குரலில்.

அவள் கை தானாக டிராயருக்குப் போயிற்று. அவர் அட்டையை வாங்கிக்கொண்டு மழையில் இறங்கி, வாலிபனைப் போல விரைந்து நடந்தார். அன்றைக்கு அவளால் உட்கார முடியவில்லை. கடையைப் பர்சானாவிடம் விட்டுவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

மேலகரத்தில் ஒரு தெருவுக்குள் அவர் திரும்பினார். தெரு முனையில் நடை மாறியது. தோள் இறங்கியது. கால் தள்ளாடியது. தன் வீட்டு வாசலை எட்டியபோது கிழவராகிவிட்டிருந்தார்.

கதவைத் திறந்த அம்மாள் அவரைப் பார்க்காமல் பின்னால் நின்ற இராமலட்சுமியைப் பார்த்தாள்.

"இன்னைக்கும் அவன் சட்டையப் போட்டுட்டுத்தான் வந்தாவளா?" என்று கேட்டாள். அது அவர் மனைவி முத்துலட்சுமி. "வாங்க. நீங்க வருவியன்னு இவுக சொல்லிட்டே இருந்தாவ."

உள்ளே ஈரமண் வாடை. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. சுவரில் மாலை போட்ட படம். படத்துக்குக் கீழே பலகையில் மாத்திரை அட்டைகள் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. அவர் கையிலிருந்ததைக் கடைசியில் வைத்து, விளிம்பு சேரும்படி ஒதுக்கினார்.

"எம்மவன், விஜய்பாண்டி" என்றார். இப்போது அவருடைய சொந்தக் குரல். "நான் லிங்கேஸ்வரன், கரண்டாபீஸ்ல லைன்மேனா இருந்து ரிட்டயர்டு ஆனவன். பங்குனில, பாத்ரூம் கதவ ஒடச்சித்தான் அவனத் தூக்கினேன். கையி பூராவும் ஊசி போட்ட தடம். இந்த மாத்திரயத்தான் ஊசில ஏத்தியிருக்கான். நான் எண்ணிப் பாத்தேன். அதத்தான் தெனமும் பேனாவால வச்சிக்கிடுதேன்."

இராமலட்சுமி குறுக்கிட்டாள். "அண்ணாச்சி... எனக்குத் தெரியாது..."

"ஊருல என்னப் பைத்தியம்னு சொல்லுதாவ. இருக்கட்டும். ஏம்மா, நான் ஒங்கள அடிக்க வரல, ஏச வரல. எம்மவன் ஒங்க முன்னால செத்துக்கிட்டே நின்னான். ஒரு நாளாவது அவன நிமிந்து பாத்தியளான்னு எனக்குத் தெரியணும். அதுக்குத்தான் அவன் சட்ட, அவன் மோதிரம், அவன் பேச்சு எல்லாத்தயும் எடுத்துக்கிட்டு வந்தேன். கடைசில நீங்க என்னயப் பாத்திய, பயந்திய. பயந்துக்கிட்டும் குடுத்தியளே!"

"அவன் எங்கிட்ட எப்படிக் கேப்பான்னு ஒங்களுக்கு எப்படி..."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.  ஓட்டின்மேல் சாரல் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"எதுத்த டீக்கடையில நின்னு பாத்தேம்மா. ஒரு நா இல்ல, எட்டு நா. அவன் தட்டுனான், கேட்டான், வாங்கினான், தூண்ல சாஞ்சி தூங்கினான். ஓடிப் போயி கையப் புடிச்சிருக்கணும். ஆஸ்பத்திரிக்கிக் கூட்டிட்டுப் போயிருக்கணும். வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்னு டீயக் குடிச்சிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்."

முத்துலட்சுமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். இராமலட்சுமி படத்தின் அருகே போனாள். இருபத்திரண்டு வயது இருக்கும். முன்பல் ஒன்று லேசாக உடைந்திருந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

பலகையிலிருந்த பதினேழு அட்டைகளையும் அவர்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். கடைக்குத் திரும்பாமல் நேராக மருந்து ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனாள். சீட்டில்லாமல் விற்றதையும், ரசீது இல்லாமல் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து போட்ட ஏஜெண்டின் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். இரண்டு நாளில் அந்த ஏஜெண்ட் ஆலங்குளத்தில் பிடிபட்டான். அவள் கடை உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. அவள்மேலும் வழக்குப் பதிவானது. சில கடைக்காரர்கள் அவளை ரோட்டில் நிறுத்தி ஏசினார்கள்.  தன்னிடம் வாங்கிக்கொண்டிருந்த மற்ற பையன்களைப் பர்சானாவின் உதவியோடு ஒவ்வொருவராகத் தேடிப் போய், அவர்கள் வீட்டாரிடம் விஷயத்தைச் சொன்னாள். இருவர் அரசு ஆஸ்பத்திரியில் போதை மறுவாழ்வுச் சிகிச்சைக்குச் சேர்ந்தார்கள். ஒரு வீட்டில் அவள் முகத்தில் கதவைச் சாத்தினார்கள். ஒருவனை எங்கு தேடியும் காணவில்லை.

ஆடி மாதம், பக்கத்து ஊர்க் கல்லூரியொன்றில் போதை ஒழிப்பு மன்றக் கூட்டம் நடந்தது. இராமலட்சுமியும் லிங்கேஸ்வரனும் பேச வந்திருந்தார்கள். அவர் வெள்ளை அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். கையில் மை இல்லை.

இராமலட்சுமி முதலில் மைக்கைப் பிடித்தாள்.

"நான் பேச வரல, ஒத்துக்கிட வந்திருக்கேன். வெசத்த வித்தவ நான். நான் யாருக்கும் ஊசி போடலயேன்னு நெனச்சேன். நான் இல்லன்னா இன்னொருத்தன் குடுப்பான்னு நெனச்சேன். குடுக்குற ஒவ்வொருத்தரும் அப்படித்தான் நெனக்கோம். அதனாலதான் இந்தப் பிள்ளையளுக்கு எல்லாக் கதவும் தெறந்து கெடக்கு. போலீஸ் வந்துதான் சாத்தணும்னு இல்ல. என் கதவ நான் சாத்தியிருக்கலாம்."

லிங்கேஸ்வரன் எழுந்தார். மைக் வேண்டாம் என்று கையசைத்தார். இருந்தும் கடைசி வரிசைவரை கேட்டது.

"ஒங்க வீட்டுல ஒருத்தன் இதுல விழுந்துட்டான்னு தெரிஞ்சா மறைக்காதிய. அது நோயி. நோய்க்கு வைத்தியம் இருக்கு. மானத்துக்குப் பயந்து மறைச்ச தகப்பனுக்குத்தான் வைத்தியம் இல்ல."