எதிரணியில் ஒரு தாராவிக்காரி

'மனிதனை விண்வெளிக்கு அனுப்புவது தேவையா, வீண் செலவா?' இதுதான் தலைப்பு. மும்பை மாட்டுங்காவில் பொங்கலுக்கு ஆண்டுதோறும் நடக்கும் பட்டிமன்றம். தாராவியில் குழாய்த் தண்ணீருக்காக மாநகராட்சிக்காரர்களிடம் நான் போடும் சத்தத்தை யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். விழாச் செயலாளர் வெங்கடேஷ் போன் செய்தார்.

"நீங்க எதிரணி. வீண் செலவுன்னு பேசணும். தாராவிலேர்ந்து வரேள், உங்க வாயால சொன்னாத்தான் எடுபடும்."

நான் எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவே இல்லை. என் முகவரியே அவருக்குப் போதுமாக இருந்தது. சுருக்கென்றது. ஆனாலும் சரி என்றேன். மேடை கிடைத்தால் விடுகிற ஆளா நான்!

வீட்டிலோ அந்த வாரம் பெரிய ரகளை. மகள் இசக்கிசெல்விக்கு விமானப் படையில் விமானி வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்திருந்தது, மைசூரில். விமானத்தோடு நிற்கிறவள் இல்லை அவள். விமானிகளிலிருந்துதான் விண்வெளிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்திலேயே தெரிந்துவைத்துக்கொண்டவள். என் வீட்டுக்காரர் தங்கபாண்டி ஒரே பிடியாக நின்றார்.

"போவப்பிடாது. மேல போயிட்டுத் திரும்பி வரும்போது எரிஞ்சி போனாளே ஒருத்தி, டிவில பாத்தம்லா? அப்பிடிச் சாகவா எம்புள்ளய வளத்தேன்?"

"அரே அப்பா, இது ஸிர்ஃப் இன்டர்வியூ மட்டுந்தாம்ப்பா. ராக்கெட்டெல்லாம் பாத் மே, அப்புறந்தான்."

"எல்லாம் ஒண்ணுதான்."

அப்பா சரி என்று சொல்லாமல் போக மாட்டேன் என்று அவள் மூலையில் உட்கார்ந்து அழுதாள். தெருவே நடுங்க என்னோடு சண்டை போடத் தெரிந்த கழுதைக்கு அப்பாவை மீறத் தெரியவில்லை. அடுத்த வாரம் போயாக வேண்டும்.

"ஒங்கம்மையே மேடையில சொல்லப்போறா, வந்து கேளு" என்று பட்டிமன்றத்தன்று அவளையும் இழுத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார் அவர்.

எனக்கு முன்னால் பேசியவர் எங்கள் அணித் தலைவர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். நன்றாகத்தான் பேசினார். முடிக்கும்போது என் பக்கம் கையை நீட்டினார். "இதோ இந்தச் சகோதரியைப் பாருங்கள். காலைக் கடனுக்கு வரிசையில் நிற்கிறவர்களுக்கு விண்வெளி ஒரு கேடா?"

கைதட்டல் அடங்கவில்லை. அரங்கமே திரும்பி என்னை 'ஐயோ பாவம்' என்று பார்த்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் கக்கூஸை எடுத்துச் சபையில் வைக்க இவர் யார்? மனப்பாடம் செய்திருந்த பேச்சு போன இடம் தெரியவில்லை.

மைக்கைப் பிடித்தேன். "வரிசையில நிக்கேன், நெசந்தான். ராக்கெட்டு வாரதுக்கு முந்தியும் நின்னோம். கடலுக்கு மேல பாலம் கெட்டுனாவ, அப்ப எங்க கக்கூஸு ஒருத்தருக்கும் ஞாபகம் வரல. வானத்துக்கு ஒரு ஆளு போறாம்னதும் எங்கமேல பாசம் பொங்குதாக்கும்? எனக்குக் கக்கூஸும் வேணும், அதுவும் வேணும். ஒண்ணக் காட்டி ஒண்ணப் புடுங்காதிய!"

நடுவர் மணியை அடித்தார். "அம்மா, நீங்க எதிரணி!"

"அணிய நீங்க போட்டிய. பேச்சு என்னோடதுலா?"

பின்வரிசையில் விசில் பறந்தது. எங்கள் தெருக்காரர்கள்தான், வேறு யார்?

"உசுருக்கு ஆபத்துங்கிய. அந்தா உக்காந்திருக்காரே, அவரு எங்க வீட்டுக்காரரு. நாப்பது மாடி உசரத்துல கயித்துல தொங்கிக் கண்ணாடி தொடைக்காரு. எதுக்கு? உள்ள இருக்கவுகளுக்குக் கடலு தெளிவாத் தெரியணும். அந்த ஆபத்து தேவையான்னு எவனாவது பட்டிமன்றம் வச்சானா? எங்க ஆளுக கண்ணாடிக்குச் சாவலாம், சாக்கடையில எறங்கிச் சாவலாம், ஒருத்தனும் கேக்க மாட்டான். எம்மவ ஆளு போகாத எடத்தப் பாக்கப் போறேன்னா மட்டும் உசுருக்கு வெல வந்துருதோ?"

மைக்கை நடுவர் மேசையில் வைத்தேன். இறங்கி வந்தேன். என்ன தீர்ப்புச் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார், நானும் மகளும் பின்னாலேயே ஓடினோம்.

தாராவிப் பக்கம் திரும்பும் சிக்னல்வரை அவர் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். அங்கே நின்றார்.

"சபையில என்னைய இப்பிடி இழுத்து விட்டுட்டியே."

"இழுத்தேன். வேற என்ன செய்யச் சொல்லுதிய?"

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "அவ திரும்பி வரலன்னா?"

"காலையில நீங்க வேலைக்குப் போவையில தெனமும் நான் அதத்தான் நெனைக்கேன்."

அவர் என்னை நேராகப் பார்த்தார். இத்தனை வருடத்தில் இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"பழகிருச்சா?"

"பழகல. பழகவும் செய்யாது. ஆனா அனுப்பத்தான செய்யுதேன்?"

சிக்னல் விழுந்து, வண்டிகள் போய், மறுபடி விழுந்தது. நாங்கள் சாலையைக் கடக்கவில்லை. கடைசியில் அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, மைசூர் ரயிலு தாதர்லேருந்தா கெளம்புது?"

அவள் "ஆமாப்பா" என்று அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இதுவரை ஒருவருக்காக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன், இனி இரண்டு பேருக்காக. பயம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்.