ஷெர்லினின் மணிக்கட்டு

மறுபடியும் பிரஷர் மிஷின் உஸ்ஸென்று காற்றை விட்டுவிட்டுத் திரையில் வெறும் கோட்டைக் காட்டியது. நர்ஸ் பேட்டரியைக் கழற்றித் துடைத்துப் போட்டாள். பட்டையை ஷெர்லினின் வலது கையிலிருந்து அவிழ்த்து இடது கையில் சுற்றினாள். அங்கும் கோடுதான். ஸ்ரீரங்கத்தில் ஷெர்லின் கணக்கு நடத்தும் பள்ளியில் அன்று ஆசிரியர்களுக்கு மருத்துவ முகாம். வரிசையில் பின்னால் நின்ற ஜோதி டீச்சர், "கணக்கு டீச்சர்னா மிஷினுக்கே பயம் போல" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். ஷெர்லினும் சிரித்தாள். ஆனால் அதே பட்டையை ஜோதியின் கையில் சுற்றியபோது எண்கள் ஒழுங்காக வந்து நின்றன. நர்ஸ் ஷெர்லினைத் திரும்பவும் உட்காரவைத்து மணிக்கட்டில் விரல்களை வைத்தாள். அழுத்தினாள், இடம் மாற்றினாள், அடுத்த கையைப் பிடித்தாள். பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"டீச்சர், கொஞ்சம் பேசிக்கிட்டே இருங்க."

"என்ன பேசணும் சிஸ்டர்?"

"எதுனாலும் பேசுங்க. நிறுத்தாதீங்க."

இதைப் படித்துக்கொண்டே உங்கள் கட்டைவிரலுக்குக் கீழே தொட்டுப் பாருங்கள், கண்ணுகளா. உள்ளிருந்து யாரோ தட்டிக்கொண்டே இருப்பது தெரியும். ஷெர்லினுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. சில மாதங்களாகவே கரும்பலகையில் நாலு வரி எழுதுவதற்குள் கை கடுத்துப் போகும். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நின்றால், காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் விரல்கள் மரத்துக் கண் இருட்டும். கல்யாணமான புதிது, பள்ளியிலும் வீட்டிலுமாக இரண்டு வேலை, அசதி என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

மேலப்புதூர் வீட்டில் அவள் இதை வேடிக்கைபோலத்தான் சொன்னாள். புருஷன் ஆஸ்டின் சிரித்தான். மாமியார் வியாகுலம்மாள் சிரிக்கவில்லை, "கையைக் குடு" என்றாள். அந்தத் தெருவில் யாருக்கு இழுத்துக்கொண்டிருந்தாலும் முதலில் வியாகுலம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். கட்டிலோரம் உட்கார்ந்து, ஒரு கையில் செபமாலையும் மறு கையில் அவர்களுடைய மணிக்கட்டுமாகச் செபம் சொல்வாள். ஒரு கட்டத்தில் செபத்தை நிறுத்தி, "போயிட்டாங்க" என்பாள். அதற்கப்புறம்தான் வீட்டார் அழவே தொடங்குவார்கள். அப்படி எத்தனையோ பேரின் கடைசித் துடிப்பு அவள் விரல் நுனியில் அடங்கியிருக்கிறது. மருமகளின் கையை அவள் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். பிறகு சுடுபாத்திரத்தை விடுவதுபோல விட்டாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். குடம்குடமாகத் தலையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. சாவு வீட்டுக்குப் போய்வந்தால்தான் அவள் அப்படிக் குளிப்பாள்.

தில்லைநகர் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பொறுமையாகச் சொன்னார். "இதயத்துலேருந்து கைக்குப் போற பெரிய ரத்தக்குழாய்ங்க சுவரு வீங்கி, உள்ள வழி குறுகிப்போச்சும்மா. ரத்தம் சின்னச் சின்னக் குழாய் வழியா சுத்திப் போய்ச் சேருது, அதனால கைக்கு ஆபத்தில்ல. ஆனா அந்தத் துடிப்பு வந்து சேரல. சின்ன வயசுப் பொண்ணுங்களுக்கு அபூர்வமா வர்றதுதான். மாத்திரையை விடாம சாப்பிட்டாக் கட்டுக்குள்ள வெச்சுக்கலாம். இனிமே பிரஷரைக் காலுல பாக்கச் சொல்லுங்க." ஷெர்லினின் பாதத்தின் மேல்பக்கம் விரலை வைத்துக் காட்டினார். ஆஸ்டினும் தொட்டுப் பார்த்து, கூட வந்திருந்த அம்மாவிடம், "அடிக்குதும்மா! நல்லா அடிக்குது, நீங்களும் பாருங்களேன்" என்றான்.

"மருமக காலை நான் தொடணுமாக்கும்" என்றாள் வியாகுலம்மாள். அப்புறம் வேறொன்று கேட்டாள். "கையில நாடி நின்ன பெறகும் உசிரு இருக்குமா டாக்டர்?"

"இருக்கும்மா. சாகப்போறவங்களுக்கே கையில முதல்ல நின்னுடும். கழுத்துல பாக்கணும்" என்று தன் தாடைக்குக் கீழே இருந்த பள்ளத்தைத் தொட்டுக் காட்டினார்.

திரும்பும்போது ஆட்டோவில் வியாகுலம்மாளின் உதடு அசைந்துகொண்டே வந்தது. செபம் சொல்கிறாள் என்று நினைத்த ஷெர்லினுக்கு, சிக்னலில் வண்டி நின்றபோதுதான் அது காதில் விழுந்தது. பெயர்கள். கேத்தரின், ஆசீர், சூசையம்மா என்று தெருவில் செத்தவர்களின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அற்புதசாமி என்ற பெயர் வந்ததும் நிறுத்தினாள். அது அவள் புருஷன் பெயர். அவருக்கும் அவள்தான் கை பிடித்து, "போயிட்டாங்க" என்று சொல்லியிருந்தாள்.

அன்றிலிருந்து மருமகள் கையால் காப்பி வாங்கிக் குடிப்பது நின்றது. டம்ளரை மேசைமேல் வைத்தால், ஷெர்லின் நகர்ந்த பிறகு எடுத்துக்கொள்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷெர்லின் கண்ணயர்ந்திருந்தாள். முகத்தருகே ஏதோ மினுங்க விழித்தாள். வியாகுலம்மாள் குனிந்து, பவுடர் டப்பாக் கண்ணாடியை அவள் மூக்கின்கீழ் பிடித்திருந்தாள். கண்ணாடியில் ஆவி படிந்து, மறைந்து, மறுபடி படிந்தது. "மூச்சு வருது" என்று குறை சொல்வதுபோலச் சொல்லிவிட்டுக் கிழவி எழுந்து போனாள்.

அன்றைக்கே ஆஸ்டினிடம் சொல்லிவிட்டாள். "அவளைத் துறையூர்ல அவங்கம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுரு. கையில துடிப்பு வந்ததும் கூட்டிக்கிட்டு வரலாம். இங்க இருந்தா எனக்குத் தூக்கம் புடிக்கல." வராமலே போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தது இரண்டு பேருக்குமே தெரியும். ஆஸ்டின் துறையூர் பஸ் நேரத்தைப் போனில் பார்த்தான். அடுத்த ஞாயிறு புறப்படுவதென்று முடிவானது. தான் உயிரோடு இருப்பதை ஒரு வீட்டுக்கு எப்படிப் புரியவைப்பது? ஷெர்லின் சமைத்தாள், துவைத்தாள், வேண்டுமென்றே சத்தமாகப் பாடினாள். குளித்துவிட்டு வந்து குளிர்ந்த இரண்டு கைகளையும் பார்த்தபடி நின்றாள். அவளுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. சட்டென்று குனிந்து தன் காலைத் தொட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் கோடி வீட்டு விக்டர் ஓடிவந்தான். "பெரியம்மா, அம்மாவுக்கு முடிஞ்சிருச்சு போல. வந்து பாருங்க." அவன் அம்மா லூர்துராணி வியாகுலம்மாளின் சிநேகிதி, ஒரே வருஷம் இந்தத் தெருவுக்கு வாழவந்தவர்கள். இனிச் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியில் அனுப்பியிருந்தார்கள். ஃபாதர் வந்து, சாகும் நிலையில் இருப்பவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதலும் கொடுத்தாகிவிட்டது. வியாகுலம்மாள் செபமாலையோடு கிளம்பினாள். வாசல்படி இறங்கியவள் நின்று, திரும்பிப் பார்க்காமல், "நீயும் வா" என்றாள். ஷெர்லின் பின்னாலேயே போனாள்.

வீட்டில் ஐஸ் பெட்டி வந்து இறங்கியிருந்தது. பெட்டிக்காரர் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு, பிளக் எங்கே இருக்கிறதென்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபேனை நிறுத்தியிருந்தார்கள். வியாகுலம்மாள் கட்டிலோரம் உட்கார்ந்து சிநேகிதியின் மணிக்கட்டைப் பிடித்தாள். செபம் ஓடியது, நின்றது. எல்லோரும் அந்த ஒரு வார்த்தைக்காக அவள் வாயையே பார்த்தார்கள். அவள் சொல்லவில்லை. மணிக்கட்டை விட்டுக் கழுத்தில் விரலை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"என்ன பெரியம்மா?" என்றான் விக்டர்.

"அடிக்குதுடா. ஆனா அது என் விரல்ல அடிக்குறதா, அவ கழுத்துல அடிக்குறதான்னு புரியல." வியர்த்து வழியும் முகத்தோடு மருமகளைப் பார்த்தாள். "ஷெர்லின், உன் விரல்ல துடிப்பு ஒண்ணும் இல்ல. நீ தொட்டுச் சொல்லு."

ஷெர்லின் முட்டி போட்டு உட்கார்ந்தாள். தாடைக்குக் கீழே, டாக்டர் காட்டியிருந்த பள்ளத்தில், குளிர்ந்த இரண்டு விரல்களை வைத்தாள். தோல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. நெடுநேரம் ஒன்றுமில்லை. வெளியே ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்து ஓய்ந்தது. அப்போது விரலடியில், எங்கோ ஆழத்தில், ஒரு மீன் புரள்வதுபோல ஏதோ அசைந்தது. பிறகு வெறுமை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் புரண்டது.

"இருக்காங்க" என்றாள்.

யாரும் அழவில்லை, சந்தோஷப்படவும் இல்லை. பெட்டிக்காரர் ஒயரைச் சத்தமில்லாமல் சுருட்டத் தொடங்கினார். விக்டர் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து போர்வையை இழுத்துவிட்டான். வியாகுலம்மாள் சிநேகிதியைப் பார்க்கவில்லை, மருமகளின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நீ எங்கயும் போக வேணாம்" என்றாள் மெதுவாக. "இங்கயே இரு."

கேட்க ஏங்கிய வார்த்தைதான். ஆனால் அது தனக்கல்ல, துடிப்பில்லாத தன் விரல்களுக்குச் சொன்னது என்று ஷெர்லினுக்குப் புரிந்தது. எழுந்து வெளியே வந்தபோது, உள்ளே நடந்தது அவளுக்கு முன்னால் தெருவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நிற்க இடமில்லாமல் நெருக்கியிருந்த கூட்டம் தானாக இரண்டாகப் பிரிந்தது. பெண்கள் புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டார்கள், ஒருத்தி குழந்தையைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். பந்தலுக்கென்று வாடகைக்கு எடுத்து வந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் தெருவின் வயசாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் தாண்டும்போது ஒரு கிழவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, நாடி பார்க்கச் சொல்வதுபோலத் தன் கையை அவள் பக்கம் நீட்டினார். பக்கத்து நாற்காலி அம்மா வளையலை மேலே ஏற்றிவிட்டு நீட்டினாள். அவளுக்கு அடுத்தவரும் நீட்டினார். வெயிலில், தெருமுனை வரைக்கும், உள்ளங்கை மேலே பார்த்தபடி வரிசையாகக் கைகள் காத்திருந்தன.