பழனிச்சாமி வீட்டுக்குள் பிடித்த மாடு

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. ஊர் எல்லையில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் அய்யனார் மேல் சத்தியம். சந்தேகப்படுகிறவர்கள் அய்யனாரிடமே போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

ஆலங்குடிப் பக்கம் கடலை விவசாயம் செய்கிற பழனிச்சாமிக்கு, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் சுவர் அகலத்துக்கு ஒரு டிவி வாங்கி மாட்டிவிட்டுப் போனான். அதிலிருந்து மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வீட்டில் ஒரு படம் ஓடும். படத்தைவிடப் பழனிச்சாமியின் வாய் வேகமாக ஓடும்.

பேய்ப் படம் பார்த்தால், “பேய் மேல தப்பே இல்ல. வீடு வாங்குறவன் அக்கம்பக்கத்துல விசாரிக்க வேணாமா?” என்பார். போலீஸ் படத்துக்கு, “இன்ஸ்பெக்டரு மொதல்லேர்ந்து ஒரே சட்டையில ஓடுறாரு. பக்கத்துல எப்புடித்தான் நிக்கிறாய்ங்களோ.” காதல் படத்துக்கு, “ஒரு போனு போட்டிருந்தா இடைவேளைக்கு முன்னாடியே கல்யாணம் முடிஞ்சு பந்தி போட்டிருக்கலாம்.” கொலைகாரன் யார் என்பதையும் முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். அது எப்போதும் தப்பாகவே இருக்கும். அவர் பெண்சாதி சந்தனம் அதை நம்பி, ஒரு பாவமும் அறியாத ஆளைப் படம் முடியும்வரை முறைத்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது.

“இந்தா பாருங்க. இன்னைக்குப் படம் முடியிறவரைக்கும் ஒரு வார்த்த பேசக் கூடாது. பேசுனீங்க, ரிமோட்டு எங்கிட்ட வந்துரும். அப்பறம் சீரியல்தான், காலத்துக்கும்.”

“நான் என்ன ஓட்டவாயா?”

“அத நான் வேற என் வாயால சொல்லணுமாக்கும்.”

பழனிச்சாமி ரிமோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு வாயை இறுக மூடினார். சோதனைக்கென்றே அன்றைக்கு ஜல்லிக்கட்டுப் படம். அவர் இளவட்டத்தில் மாடு பிடிக்கப் போனவர். வாடிவாசல் வாடிவாசலாக நின்றும், மைக்கில் ஒருதடவைகூட அவர் பெயரைச் சொன்னதில்லை. மாடு எப்போதும் பக்கத்தில் நிற்பவன் கையிலேயே போய் மாட்டும். அந்த ஆற்றாமை அவருக்குள் இன்னும் ஆறவில்லை.

படத்தில் வாடிவாசல் திறந்தது. கதாநாயகனின் அப்பாவைக் குத்திச் சாய்த்த காளை புழுதி பறக்க வந்து நின்றது. பழனிச்சாமி பார்த்தார். அதன் கழுத்தில் நுகத்தடி உரசிக் காய்த்த தழும்பு. சுத்தமான வண்டிமாடு! சொல்ல வாய் துடித்தது. இடுப்பு ரிமோட்டைத் தொட்டுப் பார்த்து அடக்கிக்கொண்டார். பேசவில்லை. ‘த்சு’ என்று உச்சு மட்டும் கொட்டினார்.

காளை திரும்பி அவரைப் பார்த்தது.

கதாநாயகன் விரித்த கையோடு காத்து நிற்க, அது அவனை ஒரு பொருட்டாகவே மதிக்காமல், தலையைத் தாழ்த்தி நேரே டிவியைவிட்டு இறங்கியது. முதலில் கொம்பு வந்தது, அப்புறம் திமில், அப்புறம் புழுதி. சந்தனம் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பு நழுவி உருண்டது. பழனிச்சாமி வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அலறவும் வழியில்லை. “ஐயோ”வும் ஒரு வார்த்தைதானே!

வேறு ஊர்க்காரனாக இருந்தால் கொல்லைப்பக்கம் ஓடியிருப்பான். புதுக்கோட்டைச் சீமையில் பிறந்த உடம்புக்கு அந்தப் புத்தி வரவில்லை. பாய்ந்து திமிலைக் கட்டிக்கொண்டார். காளை அவரைத் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றியது. அடுப்படிக்குள் போய்ச் சுற்றியது. மூலையில் இருந்த கடலை மூட்டையில் ஒரு வாய் கடித்துவிட்டு மறுபடியும் சுற்றியது.

டிவிக்குள் மைக்கைப் பிடித்திருந்தவர்தான் முதலில் சுதாரித்தார். “வாலப் புடிக்காதப்பா! வாலப் புடிச்சா வெளியேத்திருவோம்! ஏய், பெரியவரு நிக்கிறாருய்யா… நிக்கிறாரு… மாடு புடிமாடு!”

கூட்டம் விசிலடித்தது. கதாநாயகனும் வேறு வழியில்லாமல் கைதட்டினான்.

“புடிச்ச வீரரு பேரச் சொல்லுங்கய்யா! எந்த ஊரு?”

பழனிச்சாமி திமிலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஒரு பக்கம் ரிமோட்டு, மறுபக்கம் மைக்கு. சந்தனம் திகைத்துப்போய் நின்றாள். மாட்டைப் பார்த்து வந்த திகைப்பு எப்போதோ தெளிந்துவிட்டது. இவ்வளவு நேரம் புருஷன் பேசாமல் இருக்கிறாரே என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

“ஏங்க, ஒடம்புக்கு ஏதும் செய்யுதா?” என்றாள் கலவரத்தோடு.

“பேரச் சொல்லலன்னா மாடு ஜெயிச்சதா ஆயிரும். கடைசியாக் கேக்குறேன். பேரு?”

வண்டிமாடு ஜெயிப்பதா!

“பழனிச்சாமிடா! ஆலங்குடிப் பக்கம்டா! இது வண்டிமாடுடா, கண்ணத் தொறந்து கழுத்தப் பாருங்கடா!”

மைக்கு முழங்கியது: “ஆலங்குடி பழனிச்சாமிக்கு ஒரு அண்டா!” டிவிக்குள்ளிருந்து சில்வர் அண்டா ஒன்று டமாரென்று வந்து விழுந்தது. காளைக்கு முகம் செத்துவிட்டது. வந்த வழியே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஏறிப் போனது. படத்தின் மிச்சத்தில் அது எங்கேயும் தலைகாட்டவில்லை. கதாநாயகன் யாரைப் பழிவாங்குவது என்று தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டான்.

சந்தனம் கையை நீட்டினாள். “குடுங்க.”

“அடியே, வீட்டுக்குள்ள மாடு வந்துச்சு!”

“வந்துச்சு. நீங்க பேசுனீங்களா, இல்லையா?”

பழனிச்சாமி இடுப்பிலிருந்து ரிமோட்டை எடுத்துக் கொடுத்தார். இப்போது அந்த வீட்டில் சீரியல்தான். அந்த அண்டாவில்தான் கடலை அவிக்கிறார்கள்; யார் போனாலும் பார்க்கலாம். டீக்கடையில் ரிமோட்டு பறிபோனதைப் பற்றி எவன் நக்கலடித்தாலும், “மைக்குல எம்பேரச் சொன்னாய்ங்கள்ல?” என்று கேட்டுவிட்டு டீயை உறிஞ்சுவார் பழனிச்சாமி.

சொல்ல மறந்துவிட்டேன், மாடு வந்த அன்றைக்கு மாதாந்திர மின் பராமரிப்பு. காலையிலிருந்து பொழுது சாயும்வரை அந்த ஊரில் ஒரு வீட்டிலும் கரண்டு கிடையாது.